தண்ணீர் ஒட்டாத தெரு

சரிதாவின் மகள் மதுமதியின் மேல் பிறந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் ஒட்டியதில்லை. குளிப்பாட்ட ஊற்றினால் சேம்பிலையில் உருள்வதுபோல் உருண்டு தரையில் விழும். துண்டுக்கு வேலையே இல்லை. ராசிபுரம் சாலையில் தார்ப்பாய்ப் பட்டறையை ஒட்டிய அந்தத் தெருவில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பாதித் தெரு அதற்குள் அப்படித்தான் ஆகியிருந்தது. லாரிச் சரக்கு நனையாமலிருக்கத் தார்ப்பாய்க்கு ஒரு மருந்து பூசுவார்கள். மருந்து டிரம்மைக் கழுவிய தண்ணீர் பட்டறைக்குப் பின்னால் குழியில் இறங்கி, தெருவின் போர்க்குழாய்க்கு வந்து சேர்ந்தது. குடித்தவர்கள் முதலில் சந்தோஷம்தான் பட்டார்கள். ஐப்பசி மழையில் பிள்ளைகள் குடையில்லாமல் பள்ளிக்கூடம் போய்க் காய்ந்த தலையோடு திரும்பினார்கள். “என்ற மருந்து ஊருக்கே குடை புடிக்குதுங்க” என்று பட்டறை முதலாளி நவநீதகிருஷ்ணன் டீக்கடையில் பெருமையடித்தார். மகராசன், வாய் கூசாமல் அடித்தார்.

சரிதாவுக்கு மட்டும் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. அவள் புருஷன் தனசேகர் அந்தப் பட்டறையில்தான் மருந்து பூசினான். மதுமதிக்கு முன்னால் இரண்டு கரு தங்காமல் போயிருந்தது. இவளாவது நல்லபடியாக வளரவேண்டும், ஒரே ஒருதரம் தலை நனைந்து நிற்பதைப் பார்க்கவேண்டும் என்று அவள் தவியாய்த் தவித்தாள்.

அந்த வருஷம் மாரியம்மன் நோம்பியில் விஷயம் முற்றியது. கிடாய் வெட்டுமுன் மஞ்சள் தண்ணீர் ஊற்றி அம்மனிடம் உத்தரவு கேட்பார்கள். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உலுக்கினால் உத்தரவு கிடைத்தது என்று பொருள். உலுக்காவிட்டால் கத்தி இறங்காது. தெருவிலேயே வளர்ந்த கிடாய், குடம் குடமாக ஊற்றியும் வேப்பந்தழையை மென்றுகொண்டு நின்றது. பூசாரி மாதையன் முதுகில் ஊற்றினார், காதில் ஊற்றினார், கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார். பம்பைக்காரருக்குக் கை ஓய்ந்துவிட்டது. யாரோ தப்புப் பண்ணியிருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்ப, கண்ணெல்லாம் கரு தங்காத சரிதாவின் பக்கம் திரும்பியது. அவளுக்கு வந்ததே கோபம்!

“அம்மனுக்கு ஒரு கோவமுமில்லீங்க. மேல தண்ணி பட்டாத்தான அது சிலுப்பும்? இங்க பாருங்க” என்று இடுப்பிலிருந்த குழந்தையின் தலையில் ஒரு செம்பு ஊற்றினாள். தண்ணீர் உருண்டோடியது. குழந்தை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கூட்டம் நன்றாகப் பார்த்தது. பார்த்துவிட்டு, வெளியூர்க் கிடாய் பிடித்து வருவதென்று முடிவுசெய்தது. சரிதாவின் அக்கா பிரவீனாவைக் கட்டிக்கொடுத்த கெங்கவல்லியிலிருந்து வந்த கிடாய், முதல் செம்புக்கே உலுக்கிப் பூசாரியை மஞ்சளாக்கியது. ஊரே குலவை போட்டது. அதன் ரோமம் நனைந்து ஒட்டிக் கிடந்ததைச் சரிதா வெறித்துக்கொண்டு நின்றாள்.

நோம்பி முடிந்ததும் சரிதாவும் தனசேகரும் குழந்தையோடு சேலத்தில் டாக்டரம்மா உஷாராணியிடம் போனார்கள். சரிதாவுக்குத் தைராய்டு, தனசேகருக்கு ரத்தத்தில் கொழுப்பு. அந்த மருந்து மண்ணிலும் மக்காது, ரத்தத்தில் ஏறினால் லேசில் இறங்காது, வயிற்றிலிருக்கும்போதே குழந்தைக்கும் போயிருக்கும் என்றார் டாக்டரம்மா.

“பால நிறுத்திரட்டுங்களா?”

“பால் குடும்மா. முதல்ல தண்ணிய மாத்து.”

சரிதா குழந்தையோடு கெங்கவல்லிக்குப் போய்விட்டாள். பட்டறையை விட்டால் பிழைப்பேது என்று தனசேகர் வரவில்லை. அவள் அக்காவின் மரவள்ளிக் காட்டில் வேலைசெய்தாள். தினமும் காலையில் மகள் தலையில் ஒரு செம்பு ஊற்றிப் பார்த்தாள், தண்ணீர் தினமும் உருண்டது. வருஷங்கள் இப்படியே போயின. ஒவ்வொரு நோம்பிக்கும் தனசேகர் வந்து கூப்பிட்டான். மதுமதிக்குப் பள்ளிக்கூடம் சேர்க்கும் வயதானபோது, இனி நம் தெருவுக்கே வந்துவிடு என்று ஒரே பிடியாக நின்றான்.

“இப்பெல்லாம் ஒரு வம்புமில்ல சரிதா. வெளியூர்க் கெடாயும் நம்ம தண்ணியக் குடிச்சா உலுக்க மாட்டேங்குதுன்னு, அதுக்குன்னே கேன் தண்ணி வாங்கி வெச்சர்றாங்க.”

“கெடாய்க்குக் கேன் தண்ணி வாங்கறாங்களா? என்ற புள்ளைக்கு ஆருங்க வாங்குனா?”

சரிதா செம்பில் மஞ்சளைக் கரைத்து மகளை வாசலில் நிறுத்தினாள். “ஆத்தா, நாங்க திரும்பிப் போவ வேண்டாம்னா உத்தரவு குடு” என்று உச்சியில் ஊற்றினாள். தண்ணீர் உருளவில்லை. முடிக்குள் இறங்கிக் கழுத்தில் வழிந்தது. மதுமதி சில்லிட்டுப்போய், தலையையும் தோளையும் படபடவென்று உலுக்கினாள். சரிதா அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தெறித்த துளிகள் தனசேகரின் முகத்தில் ஒட்டாமல் உருண்டு விழுந்தன. அவற்றைக் குனிந்து பார்த்தவன் பட்டறைக்குத் திரும்பவேயில்லை.

அவனுக்கு இன்னும் ஒட்டவில்லை. பெரியவர்களுக்கு நாளாகும் என்கிறார்கள். கெங்கவல்லிக்காரர்களுக்கு அது பழகிவிட்டது. அடைமழையில் தீப்பெட்டி வேண்டுமென்றால் அவனைத்தான் கடைக்கு அனுப்புகிறார்கள், பொத்திய கைக்குள் நமுக்காமல் வந்துசேரும். மதுமதியும் கூடவே ஓடுவாள். திரும்பும்போது தொப்பலாக நனைந்திருப்பாள். சரிதா திட்டுவதில்லை.