திரை நிறைய ஒரு முகம்

கம்ப்யூட்டருக்குள் கார்டு பாதி இறங்கியதும் நின்றுவிட்டது. தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். ‘டக்’கென்று சத்தம். கட்டிலில் கிடந்த அண்ணன் கண்ணைத் திறக்காமலே, "உடைச்சிட்டியா?" என்றார்.

"உக்காந்துடுச்சுண்ணா."

போன வாரம் விழுந்த இடியில் கம்ப்யூட்டரின் பழைய நெட்வொர்க் கார்டு செத்துப்போயிருந்தது. அண்ணனுக்கு இன்றைக்கோ நாளைக்கோ என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணனின் ஒரே மகள் கடல் தாண்டி இருந்தாள். அவளுக்கு நாளை மறுநாளுக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. போனில் அவளைக் காட்டினால், "தீப்பெட்டிக்குள்ள மூஞ்சி எங்கடி தெரியுது?" என்று அண்ணன் தள்ளிவிட்டார். மங்கிப்போன அந்தக் கண்களுக்குப் பெரிய திரை வேண்டியிருந்தது.

தங்கை தையல் வேலை செய்பவள். கார்டு சொருகும் இடத்தை இஞ்ச் டேப்பால் அளந்து, துண்டுச் சீட்டில் வரைந்துகொண்டு புதுக் கார்டு வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஜாக்கெட் அளவு மாதிரி இருக்கே! சரி, வயர்லெஸ் கார்டா, கேபிள் சொருகுறதா?"

"எது நடுவுல நிக்காது?"

"கேபிள்தான்."

"அதையே குடுங்க."

கார்டை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரையும் அவரே பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

கார்டு உட்கார்ந்த பிறகு டிரைவர் ஏறியது. கேபிளும் சொருகியாயிற்று. நெட் மட்டும் வரவில்லை. போனில் மகள் சொன்னாள்: "அத்தை, தெரியாத கார்டு எதையும் உள்ள விடக்கூடாதுன்னு அப்பா ரவுட்டருக்குப் பூட்டு போட்டிருக்கார். புதுக் கார்டோட நம்பரை அதுல சேர்க்கணும். பாஸ்வேர்டு கேளுங்க."

தங்கை குனிந்து அண்ணனின் காதருகே கேட்டாள். "அண்ணா, ரவுட்டர் பாஸ்வேர்டு என்ன?"

"மறந்துட்டேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணனின் வாயோரம் லேசாக அசைந்தது.

"அடியே, அதான் பாஸ்வேர்டு. இங்கிலீஷ் எழுத்துல அடி."

ஜன்னல்களை மூடி வைத்திருந்த அறையில், திரை நிறைய மகளின் முகம் வந்தது. அண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இளைச்சுட்டே."

"நீங்கதான்ப்பா இளைச்சுட்டீங்க."

"நான் டயட்டுல இருக்கேன்."

மகள் சிரித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். பிறகு ஆபீஸ் லிஃப்டில் மேனேஜரோடு மாட்டிக்கொண்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். மேனேஜர் சாமி கும்பிட்டதைச் சொன்னபோது அண்ணன் "ம்" கொட்டினார். அடுத்த "ம்" வரத் தாமதமாயிற்று. அதற்கடுத்தது வரவில்லை. தங்கை அவர் மார்பில் கை வைத்தாள்.

மகள் கதையில் லிஃப்டிலிருந்து வெளியே வந்தாள், மாடிப்படியில் இறங்கினாள், சொல்லி முடித்தாள். பிறகு திரைக்கு அருகே குனிந்து பார்த்தாள்.

"அப்பா தூங்கிட்டாரா, அத்தை?"

தங்கை கையை எடுக்கவில்லை. "ம்" என்றாள்.

"திரை வெளிச்சம் அப்பா மூஞ்சியில அடிக்குதே." மகள் குரலைத் தணித்துக்கொண்டாள். எழுந்துபோய்த் தன் அறை விளக்கை அணைத்தாள். திரை இருண்டது. சத்தம் வராமல் நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த இருட்டில் அவள் மறுபடி உட்கார்ந்தாள்.