முதல் வெட்டு

"அவ வைக்கட்டுமே" என்றாள் மாமியார்.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். சொன்னவள் மட்டும் நிமிரவில்லை. தட்டின் ஓரத்துக்கு எலும்பை ஒதுக்கிக்கொண்டே தொடர்ந்தாள்.

"முதல் வெட்டு வைக்கிறவங்க வீட்டுக்குத்தானே ஆகாதுங்கறீங்க? இவளுக்கு இனிமே போறதுக்கு என்ன இருக்கு? போகவேண்டியவன்தான் போயிட்டானே."

இவள், அதாவது மூத்த மருமகள், தண்ணீர் ஜாடியோடு மாமியாரின் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். ஆள் பக்கத்தில் இருக்கிறாள் என்று யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

மரம் வெட்டும் தொழில் அவள் கணவனுடைய ஆசை. மர டிப்போவில் கூலிக்கு உழைத்து ஓய்ந்தவன், பழைய வேன் ஒன்றையும் அறுக்கும் மிஷினையும் கயிறுகளையும் வாங்கினான். வேன் கதவில் 'மரங்கள் வெட்டித் தரப்படும், பராமரிக்கப்படும்' என்று தானே எழுதினான். 'பராமரிக்கப்படும்' என்பதற்கு இடம் போதாமல் கடைசி எழுத்துகள் நசுங்கிப்போயின. அதற்கு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். முதல் மரத்தைத் தன் கையாலேயே வெட்டிச் சாய்த்தான். அடுத்த மாதம் மஞ்சள் காமாலை அவனைச் சாய்த்தது. ஈரல் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். பச்சை மரத்தில் முதல் வெட்டு வைத்த பலன் என்றது தெரு. டாக்டர் சொன்னது ஆஸ்பத்திரியோடு நின்றுவிட்டது. தெரு சொன்னது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

இப்போது வேலை போய் வீட்டோடு இருந்த கொழுந்தன் அந்த வேனை எடுத்திருந்தான். மரம் ஏற ஆள் கிடைத்தான். ஏறுகிற வேகத்துக்காக ஊரே அவனை அணில் என்று கூப்பிட்டது. கீழே இழுக்கத் தடியான ஆட்களும் கிடைத்தார்கள். மறுநாள் முதல் வேலை. ஆனால் முதல் வெட்டு மட்டும் யாரும் வைக்கமாட்டார்களாம். கொழுந்தனும் மாட்டான். அவன் மனைவி முழுகாமல் இருந்தாள்.

"என்னம்மா நீங்க, அண்ணி என்ன நினைப்பாங்க?" என்றான் கொழுந்தன். அவன் முகம் அதற்குள் தெளிந்துவிட்டிருந்தது. "அண்ணி, இஷ்டமில்லேன்னா வேண்டாம். வந்த வேலை கையை விட்டுப் போயிடும், அவ்வளவுதான்."

அவள் மூலையில் படம் வரைந்துகொண்டிருந்த தன் மகளைப் பார்த்தாள். எனக்குப் போக ஒன்றும் இல்லையா என்று கேட்க வாயெடுத்தாள். புருஷன் போனபின் அண்ணன் வீட்டுக்குப் போய், "ரெண்டு நாள் இருந்துட்டுப் போம்மா" என்ற உபசாரத்தைக் கேட்டுத் திரும்பியவள் அவள். 

"சரி தம்பி" என்றாள்.

மறுநாள் வேலைக்குப் போன வீட்டில் கோடாலியைக் கையில் கொடுத்தார்கள். அவள் ஓங்கிப் போட்டதும் மரப்பட்டை விலகிப் பச்சை வாசனை குப்பென்று அடித்தது. "போதும், போதும்!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதுவரை எட்ட நின்ற ஆண்கள் தடுப்புச் சுவர் இடிந்ததுபோல் ஓடி வந்தார்கள். மிஷின் உறுமியது. வீட்டுக்காரர் கொழுந்தனின் காதில் ஏதோ சொன்னார்.

"அண்ணி, வேன்ல போய் உக்காருங்க. கண்ணாடிய ஏத்திக்குங்க. அவங்க பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்காம். வெளியில வருமாம்."

தொழில் ஓகோவென்று நடந்தது. அது நன்றாக வெட்டியதால் அல்ல. மற்ற ஆட்கள் வந்தால் முதல் வெட்டுக்கு வீட்டுக்காரர் திண்டாட வேண்டும். இவர்கள் அதற்கும் கையோடு ஆள் கொண்டுவருகிறார்கள் என்ற பேச்சு பரவிவிட்டது. போனில் எடுத்த எடுப்பிலேயே, "அந்தம்மா வருவாங்கல்ல?" என்று கேட்டார்கள்.

"எங்க மருமகதாங்க, வீட்டு ஆளு. கட்டாயம் வருவா!" என்பாள் மாமியார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மருமகள் என்று அவள் இவ்வளவு வாயாரச் சொன்னதில்லை.

போன இடத்தில் மரியாதை வேறு மாதிரி இருந்தது. அவள் பின்பக்கக் கதவு வழியாக வரவேண்டும். வெட்டி முடித்த மறுநிமிடம் கண்ணில் படக்கூடாது. எல்லாருக்கும் தட்டில் காபி வரும்; அவளுடையது மதில்மேல் இருக்கும். அவள் இல்லாமல் வேலை இல்லை, அவள் இருந்தாலோ அபசகுனம். வேனுக்குள் அடைபட்டு, வியர்த்து வழிந்து, முன்கண்ணாடி வழியாக அணில் கயிறு போடுவதையும் கிளையை ஆட்டாமல் அசைக்காமல் இறக்குவதையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். பார்த்துப் பார்த்து, எந்தக் கிளை எந்தப் பக்கம் விழும் என்று அவளுக்கும் கொஞ்சம் பிடிபட்டது.

மழை நாட்களில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஈரத்துணியைப் பிழிந்து நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தவள், திடுக்கென்று தான் செய்துகொண்டிருப்பதை உணர்ந்தாள். இதுவரை கோடாலி வைத்த மரங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. காய்ச்சல் இறங்கியது. அந்த நினைப்பு இறங்கவில்லை.

அதற்குப் பின் போன முதல் வீட்டில், வீட்டுக்காரம்மாவுக்கு வெட்டு மட்டும் போதவில்லை.

"சும்மா வெட்டினா எப்படி? வாயால சொல்லச் சொல்லுங்க. இந்தப் பாவம் என்னோட போகட்டும், என் குடும்பத்தோட போகட்டும்னு சத்தமா சொல்லணும். எம் மக மாசமா இருக்கா உள்ள."

கொழுந்தன் திரும்பினான். "சொல்லிடுங்க அண்ணி. வார்த்தைதானே?"

அவள் கோடாலியைத் தரையில் வைத்தாள்.

"எனக்கும் ஒரு மக இருக்கா தம்பி."

"அது தெரியாதா? இப்ப அதுக்கு என்ன?"

"அவதான் என் குடும்பம். அந்தப் பாவத்தை அவ தலையில வைன்னு என்னைச் சொல்லச் சொல்றீங்க. நான் சொல்லவும் மாட்டேன், வெட்டவும் மாட்டேன்."

அணில் தன் பெல்ட்டைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டான். தடியர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்கினார்கள். மிஷின், கயிறு, வேன், ஆள்பலம் எல்லாம் இருந்தும், தரையில் கிடந்த ஒரு கோடாலியைத் தொட அங்கே ஒரு கை இல்லை. அவள் நடந்தே வீடு வந்தாள்.

மாமியார் வாசலிலேயே நின்றாள். கொழுந்தனின் போன் அவளுக்கு முந்தியே வந்துவிட்டிருந்தது.

"திமிரெடுத்துப் போச்சா? இருந்தா சொன்னபடி செஞ்சுகிட்டு இரு. போறதுன்னா தாராளமா போ. பிள்ளைய விட்டுட்டுப் போ. அது எங்க ரத்தம்."

அவளால் எங்கேயும் போக முடியவில்லை. ஆனால் கோடாலியையும் தொடவில்லை. அவளைக் கெஞ்சுவதற்குக் கொழுந்தன் ஒருநாள்கூடச் செலவழிக்கவில்லை. மறுநாள் காலை, வேன் பக்கத்தில் ஓர் இளம்பெண் நின்றாள். சின்ன வயது. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"உன்னை யாரும்மா வரச் சொன்னது?"

"எங்க மாமனார்தான்க்கா சேத்துவிட்டார். உங்களுக்குக் குழந்தை இருக்காம், அதனால தகராறு பண்றீங்களாம். எனக்கு அதுவும் இல்லக்கா. அதனால நான்தான் சரியான ஆளுன்னு சொன்னாங்க."

அதை ஒரு தகுதியைச் சொல்வதுபோல் சொன்னாள்.  தான் கீழே வைத்த கோடாலி தரையில் கிடக்கவில்லை என்று அப்போதுதான் மூத்தவளுக்குப் புரிந்தது.

வேறு ஆள் வந்துவிட்டதும் வீட்டில் அவளுடைய கை வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. ஓரகத்திக்குப் பிரசவம் நெருங்கியது. "அத்தனை மரத்துல விழுந்த கை அத்தை. அந்தக் கையால சமைச்சதைத்தானே நான் திங்கறேன்?" என்று அழுதாள். மாமியார் யோசித்தாள். தாய்மேல் இறங்காத சாபம் மகள்மேல் இறங்கும், மகளும் தப்பினால் பக்கத்தில் பிறக்கிற பிள்ளைமேல் இறங்கும் என்று தெருவில் யாரோ கணக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரமே அவளையும் மகளையும் மூட்டையோடு வெளியே அனுப்பினார்கள். எங்க ரத்தம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சைக்கிள் கடைக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. இட்லித் தட்டு அளவு ஜன்னல் உள்ள அறை. கணவனின் கயிறும் கைரம்பமும் மட்டும் அவளோடு வந்தன. கொழுந்தன் புதிது வாங்கிவிட்டதால் யாரும் தடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அந்த இளம்பெண் கைப்பையோடு வந்து கதவைத் தட்டினாள்.

"நேத்து ஒரு வீட்டுல, வெட்டின உடனே என்மேல தண்ணி ஊத்தினாங்கக்கா" என்றாள். மேற்கொண்டு சொல்லவில்லை.

இரண்டு பேரும் காய்ந்த கிளை கழிப்பதில் ஆரம்பித்தார்கள். காய்ந்ததற்குச் சாபம் கிடையாது. முதல் வெட்டும் தேவையில்லை. மதிலுக்கு மேல் வளர்ந்ததைக் கத்தரித்து மட்டமாக்கினார்கள். பூச்சி அரித்த இடத்தைச் சுரண்டி எடுத்தார்கள். மூத்தவள் ஏறினாள், இளையவள் கயிற்றைப் பிடித்தாள். முதல் தடவை மேலே போனதும் கால் வெடவெடவென்று ஆடியது. "மரம்தான் ஆடுதுன்னு நினைச்சேன்" என்றாள் இறங்கி வந்து. இளையவள் சிரித்து அவள் பார்த்தது அன்றுதான்.

லீவு நாளில் அணில் வந்து நின்றான்.

"பெரிய மரத்துக்கு நான் ஏறித் தரேன்க்கா. முதலாளி அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க."

"முதல் வெட்டு?"

அவன் தலையைச் சொறிந்தான். "அது மட்டும் வேண்டாம்க்கா. வயசான அம்மா இருக்காங்க."

அவள் அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. பயம் எப்படி உள்ளே நுழைகிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு விதி வைத்தாள். பச்சை மரத்தைச் சாய்க்க வேண்டுமா, முதல் வெட்டு வீட்டு ஆள் கையால் விழவேண்டும். நிழலை அனுபவித்தவர்கள் அவர்கள்தானே? கூப்பிட்டவர்கள் அதைக் கேட்டதும் போனை வைத்தார்கள்.

கடைசியில் ஒருவர் சம்மதித்தார். "வீட்டு ஆள்தானே? அதுக்கென்ன, பாத்துக்கலாம்" என்றார் சர்வசாதாரணமாக.

அவர் வீட்டு முன்முற்றத்தில் பெரிய மரம் கூரைமேல் சாய்ந்திருந்தது. வேர் கிளம்பிவிட்டது. எடுத்தே ஆகவேண்டிய மரம்தான். அணில் கயிறு கட்டி இறங்கினான்; இளையவள் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டாள். மூத்தவள் கூலிப் பணத்தில் வாங்கிய கோடாலியை வீட்டுக்காரரிடம் நீட்டினாள்.

"ஆரம்பிச்சு வைங்க சார். மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

அவர் வாங்கவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏய், இங்க வா" என்று குரல் கொடுத்தார்.

சமையலறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஈரக்கையை உடம்போடு துடைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கண் கூச நின்றாள். நரைக்கத் தொடங்கிய தலை. சாயம் போன துணி.

"எந் தங்கச்சி" என்றார் அவர். "அவ வீட்டுக்காரர் போனதுலேர்ந்து எங்களோடதான் இருக்கா. வீட்டு ஆள்னுதானே கேட்டீங்க? இந்தாம்மா, ஒரு தட்டு தட்டிட்டு உள்ள போ."

 மூத்தவள் யோசித்து யோசித்து வைத்த விதி, இன்னொரு வீட்டின் பின்னறையைத் திறந்து இன்னொருத்தியை இழுத்து வந்திருந்தது.

"வேண்டாங்க. அந்தம்மாவை வெட்டச் சொல்லாதீங்க" என்றாள்.

ஆனால் தங்கை அதற்குள் அவள் நீட்டிய கையிலிருந்து கோடாலியை வாங்கிவிட்டிருந்தாள். மரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டியா?"

"ஒரே ஒரு வெட்டு. உனக்கென்ன ஆயிடப் போகுது?"

"எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? நானும் இந்த வீட்டு ஆள்தான். அப்படின்னா உனக்கும் ஆகாது. நீ வை அண்ணா."

அவள் அவர் கையில் கோடாலியை வைத்து விரல்களை மூடிவிட்டாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் அலறல் வந்தது.

"ஐயோ, நீங்க தொடாதீங்க! உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா என் கதி என்ன? நானும் அந்த மாதிரி நிக்கணுமா?"

அந்த மாதிரி நின்றுகொண்டிருந்த மூன்று பெண்களும் அதைக் கேட்டார்கள். ஒருத்தியும் இன்னொருத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. கோடாலி அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"அப்ப யார்தான்யா வெட்டறது?" என்று அவர் கத்தினார்.

அணில் மெதுவாக முன்னால் வந்தான், பாதியில் நின்றான். பின்பு கட்டிய கயிற்றை அவிழ்க்க மரத்தில் ஏறினான். மூத்தவள் கோடாலியை எடுத்துச் சாக்கில் சுற்றினாள்.

"உங்களுக்கு மனசு வரும்போது கூப்பிடுங்க சார். வர்றோம். உங்க கையாலதான்."

"உள்ள போ" என்றார் அவர் தங்கையிடம். "தெருவே பாக்குது."

தங்கை உள்ளே போகவில்லை. முன்கதவுப் படியில், தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். அவள் அந்தப் படியில் உட்கார்ந்து அந்தத் தெரு பார்த்ததில்லை. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அண்ணன் மறுபடி கூப்பிட்டார், பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறையும் கூப்பிட்டார். அவள் கால்களை நீட்டி, இன்னும் கொஞ்சம் வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.