நாற்பத்தொரு தடிமன்கள்

சோபாவை எந்தப் பக்கம் சாய்த்தால் வாசலைத் தாண்டும் என்று ஹாலில் நான்கு ஆண்கள் ஐந்து கருத்து சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் உள்ளறையில் உட்கார்ந்து அண்ணனுடைய நூற்றுப் பதினேழாவது போட்டோவைத் திறந்தாள். அதிலும் அவன் இரண்டு கண்களையும் மூக்கு நுனிக்குக் கொண்டுவந்து வைத்திருந்தான்.

முந்தின நாள் மாலை மாடிப்படியில் நான்காவது படியில் உட்கார்ந்தவன் அவன். அண்ணி மேலே நின்று கூப்பிட்டதற்கு, ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துட்டு வரேன் என்றான். அந்த இரண்டு நிமிடம் இன்னும் முடியவில்லை. மூன்று மணிக்கு மருத்துவமனையிலிருந்து வண்டி வரும். நாலரைக்கு அவனைக் கொண்டுபோய்விடுவார்கள். இடையில் இருக்கும் ஒன்றரை மணி நேரத்துக்குத் தலைமாட்டில் ஒரு படம் வைக்க வேண்டும். வைக்கத்தான் படம் இல்லை.

ஐம்பத்திரண்டு வயது மனிதனுக்கு ஒழுங்கான ஒரு போட்டோ இல்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். கல்யாணப் படத்தில் கன்னத்தைப் பலூன் மாதிரி ஊதியிருந்தான். மகள் பாப்பாவின் பட்டமளிப்பில் நாக்கை மூக்கில் தொட முயன்றிருந்தான். அடையாள அட்டையில் அப்படியெல்லாம் செய்யவிடமாட்டார்கள் என்பதால், அவனால் ஆனது, கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

இருக்கிறதிலேயே சுமாரான ஒன்றைப் பெரிதாக்கி வைத்துவிடலாம் என்றார் சித்தப்பா. எது சுமார் என்று பார்த்தார். பார்த்தவருக்கே உதடு துடித்தது. துக்கத்துக்கு வருகிறவர்கள் சிரித்துத் தொலைப்பார்கள் என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனார்.

அதுவரை கதவில் சாய்ந்து நின்ற அண்ணி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"சிரிச்சா சிரிக்கட்டும். அதப்பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா இருபத்தாறு வருஷத்துல அவர் மூஞ்சி நேரா இருக்கிற ஒரு படம் எங்கிட்ட இல்ல. இன்னைக்கு ஒரு நாளாவது வேணும். நீ வரையறவதான? போட்டுக் குடு."

வரைகிறவள்தான். ஆனால் எதை? கட்டில் பீரோ செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு இருபது வருட வேலை. பெட்டியைப் பிரித்து, மனைவியோடு மூன்று மணி நேரம் சண்டை போட்டு, பீரோவை நிமிர்த்திய பிறகு மிஞ்சும் ஒரே ஒரு திருகாணியை மனிதர்கள் ஜன்னலோரம் எடுத்து வைப்பார்களே, அந்தச் சண்டைக்குக் காரணமான பூட்டும் விளக்கத் தாளில் இருப்பவை அவள் வரைந்த படங்கள். கோடுகளைப் புள்ளி புள்ளியாக வைத்து வளைக்கும் வெக்டர் மென்பொருளில், மவுஸால் வரைவாள். எல்லாக் கோடும் அரை பாயிண்ட் தடிமன். முக்கால் கிடையாது, கால் கிடையாது. கோடு எங்காவது தடித்தால் அதை விரிசல் என்று நினைத்து வாடிக்கையாளர் பீரோவைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்பது தொழிற்சாலையின் வேதவாக்கு.

அண்ணனும் அதே மென்பொருளில்தான் வரைந்தான், குழந்தைகள் படப் புத்தகங்களுக்கு. அவன் கோடு ஒரு இடத்தில் நூலாக இருக்கும், அடுத்த விரற்கடையில் பாம்பு எலியை விழுங்கியதுபோல் உப்பும், அப்புறம் தேய்ந்து காணாமல் போய், போன இடத்திலேயே ஒரு பூனையின் மீசையாக முளைக்கும். அது கைவரம் என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவளும்தான். அவனுக்கு வந்தது, எனக்கு வரவில்லை, சரி, பீரோவாவது வரைவோம் என்று ஒதுங்கியவள் அவள். அவளுக்கு அவன் வைத்த பெயர் ஸ்கேல். "உன் கோடு கஞ்சி போட்ட சட்டை மாதிரி நிக்குதுடி ஸ்கேலு" என்பான். என் கோட்டை நம்பித்தான் ஊரில் பாதிப் பேர் கட்டிலில் படுக்கிறார்கள் என்று அவளும் விடமாட்டாள்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கணினியிலேயே வரைந்தாள். கன்னம் ஊதிய ஒரு போட்டோவை அடியில் போட்டு, ஊதலை ஞாபகத்தால் வடியவைத்து, கண்களை அவற்றின் வீட்டுக்கு அனுப்பி, நெற்றி, காது, தாடை என்று கோடு கோடாகப் போட்டு முடித்தபோது மணி ஒன்று. அளவெல்லாம் சரி. காது காதளவு இருந்தது. சோபா வேலை முடிந்து தண்ணீர் குடிக்க வந்த சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. எந்தப் பக்கம் திருகணும்?"

சொன்ன பிறகுதான் அன்றைக்கு என்ன நாள் என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு டம்ளரோடு வெளியே போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. திரையில் இருந்தவன் பாகம் பாகமாக வந்து இறங்கி, யாராவது பூட்டித் தருவார்கள் என்று காத்திருந்தான். அண்ணியும் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அவர்தான்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா இல்ல" என்றாள். அவள் போன பிறகும் அந்த இரண்டாவது சொல் அறையிலேயே இருந்தது.

இரண்டரைக்குள் படம் அச்சுக் கடைக்குப் போக வேண்டும். போகிற போக்கில் அவனுடைய பேனாவை எடுத்து இழுத்துப் பார்த்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. அவனுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவள் வாங்கி அனுப்பியதுதான்: கணினியோடு இணைக்கும் ஒரு கறுப்புப் பலகை, அதில் வரைய ஒரு பேனா. அழுத்தினால் திரையில் கோடு தடிக்கும், விட்டால் மெலியும். பார்சல் கிடைத்த அன்று அண்ணன் போனில், "கை தானா ஓடுது ஸ்கேலு, நான் சும்மா கூடப் போயிட்டு வரேன்" என்று சொன்னது அவளுக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருந்தது.

அலமாரியில் பலகை இல்லை. மேசை இழுப்பறையிலும் இல்லை. பேனா மட்டும் பென்சில்களுக்கு நடுவே நின்றது, ஒட்டிய பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். அதற்குப் பிறகுதான், இரண்டு மணி நேரமாகத் தான் மவுஸை எதன்மேல் உருட்டிக்கொண்டிருக்கிறோம் என்று குனிந்து பார்த்தாள். பலகை அங்கேதான் இருந்தது. மேலே ஒட்டி வரும் மெல்லிய தாளைக்கூட அவன் உரிக்கவில்லை. மவுஸ் போய்ப் போய் நடுவில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு அந்தத் தாள் வெளுத்துச் சொரசொரத்திருந்தது.

அண்ணன் விருந்தாளிகளுக்கு டீ கொண்டுவந்தால் அரை கப்தான் இருக்கும். கஞ்சன் என்று குடும்பமே கேலி செய்யும். மாமியார் வீட்டுக் கஞ்சத்தனம் ஒட்டிக்கொண்டது என்று அவனும் அண்ணியைக் கோர்த்துவிடுவான். கையெழுத்துப் போடச் சொன்னால் பேனாவை வைத்து ஒரு வித்தை காட்டிச் சிரிக்கவைத்துவிட்டு, சிரிப்பு அடங்குவதற்குள் கிறுக்கிவிடுவான். சின்ன வயதிலிருந்தே விரல்களில் ஒரு நடுக்கம் அவனுக்கு உண்டு. அது டீக்கு மட்டும்தான், பேனா பட்டால் கை நின்றுவிடும் என்று அவள் எப்படியோ முடிவு கட்டியிருந்தாள். யாரும் அப்படிச் சொன்னதில்லை. யாரையும் கேட்டதும் இல்லை.

அவனுடைய கடைசிப் புத்தகத்தின் கோப்பைத் திறந்தாள். மழை. ஒரு பெரிய நாய் தூங்குகிறது. அதன் வயிற்றில் தலை வைத்து ஒரு குழந்தை தூங்குகிறது. நாயின் முதுகுக் கோட்டைச் சொடுக்கினாள். பேனாவால் இழுத்த கோடாக இருந்தால் ஒரே இழுப்பில் வந்த தூரிகைத் தடம் என்று மென்பொருள் காட்டும். காட்டவில்லை. அது அவளுடையதைப் போலவே ஒரு வெறும் கோடு. அதன்மேல் புள்ளிகள் இருந்தன. ஒவ்வொரு புள்ளியிலும் இந்த இடத்தில் கோடு இவ்வளவு அகலம் என்று ஓர் எண். 0.8. 1.15. 1.3. திரும்ப 1.1. நான்கு விரல் நீள முதுகில் எண்ணிப் பார்த்தாள்: அறுபத்து மூன்று புள்ளிகள். ஒவ்வொன்றையும் மவுஸால் பிடித்து, இழுத்து, போதாமல் எண்ணைக் கையால் தட்டி வைத்திருந்தான். குழந்தையின் காதுமடலில் பத்தொன்பது. ஒரு மழைத் தாரைக்கு நான்கு வீதம், தாரைகள் எத்தனை என்று எண்ணுவதை அவள் பாதியில் விட்டுவிட்டாள்.

பழக்கதோஷத்தில் விரல்கள் இரண்டு விசைகளை அமுக்கின. கோடுகள் சரியாக முட்டுகின்றனவா என்று பார்க்க அவள் தினமும் நூறு தடவை செய்வது. அமுக்கினால் தடிமனெல்லாம் மறைந்து, படத்தின் எலும்புக்கூடு மட்டும் மயிரிழைக் கோடாக நிற்கும். நாய், குழந்தை, மழை, எல்லாம் ஒரே அளவு இழைகளாயின. அவளுக்கு ஒரு கணம் தன் வேலையையே பார்ப்பதுபோல் இருந்தது. கஞ்சி போட்ட சட்டை. வளைவுகள்கூட அவள் வளைப்பது போலவே வளைந்திருந்தன.

மறுபடி அமுக்கினாள். நாய் மூச்சு விட்டது.

இன்னொரு முறை. இழை. இன்னொரு முறை. வயிறு ஏறி இறங்கி, குழந்தையின் தலை அதோடு சேர்ந்து கொஞ்சம் உயர்ந்தது. எதுவும் அசையவில்லை என்று அவளுக்குத் தெரியும்; இருபது வருடம் இதே மென்பொருளோடு குப்பை கொட்டியவள். தெரிந்தும் ஏழெட்டு முறை அமுக்கினாள். வெளியே யாரோ நாற்காலி எத்தனை வேண்டும் என்று கத்திக் கேட்டார்கள். அறுபத்து மூன்று என்று அவள் வாய்க்குள் சொன்னாள்.

ஒரு கோட்டின் தடிமன் ஏற்ற இறக்கத்தைப் பெயர் வைத்துச் சேமித்துக்கொண்டால், வேறு எந்தக் கோட்டுக்கும் அதைச் சட்டைபோல் மாட்டிவிடலாம். அந்தப் பட்டியலை அவள் கணினியில் திறந்தால் மென்பொருளோடு வந்த ஆறு இருக்கும், அந்த ஆறையும் அவள் தொட்டதில்லை. அண்ணனுடையதைத் திறந்தாள். நாற்பத்தொன்று இருந்தன. அத்தனைக்கும் பெயர்.

மழைக்கு முன்னாடி. நாய் முதுகு. வீட்டுக்காரர் புருவம். சித்தப்பா குனியும்போது. சித்தப்பா நிமிரும்போது, ஆ. பாப்பா பொய்க் கோபம். பாப்பா நிஜக் கோபம். கேட் கம்பி. அவ பின்னல். அவ பின்னல், ஈரம். ஸ்கேல் சிரிக்கிறப்ப கழுத்துலேர்ந்து தாடை.

கடைசியில் இருந்ததை அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு சுட்டியை மேலே கொண்டுபோய், நான் என்று ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு கீழே வந்தாள். நாற்பத்தொன்றில் அவன் இல்லை.

மணி ஒன்றே முக்கால். அவள் தன் படத்துக்குத் திரும்பினாள். அண்ணனின் தாடைக் கோட்டைத் தேர்ந்தெடுத்தாள். பட்டியலில் அந்தக் கடைசிப் பெயரைச் சொடுக்கினாள். காதடியில் நூலாகத் தொடங்கிய கோடு கன்னத்துக்குக் கீழே மெதுவாகப் பருத்து, முகவாயில் திரும்பும் இடத்தில் சட்டென்று இளைத்து, அந்தப் பக்கம் போனது. ஒரு புள்ளியைக்கூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை. பொருந்திவிட்டது. அவள் தன் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்த நேரத்தில் யாராவது உள்ளே வந்திருந்தால் பல் வலி என்று நினைத்திருப்பார்கள்.

நெற்றிக்குச் சித்தப்பா நிமிர்ந்தார். புருவங்களில் ஒன்றுக்குப் பாப்பாவின் பொய்க் கோபம் சரியாக இருந்தது; அதுவும் இவனிடமிருந்து போனதுதானே. தோளில்தான் திணறினாள். எதைப் போட்டாலும் மாட்டிய சட்டை மாட்டியதாகவே இருந்தது. கடைசியில் 'அவ பின்னல், ஈரம்' என்பதைப் போட்டாள். கோடு கழுத்திலிருந்து கனத்து இறங்கி, பாரம் தாங்காமல் கொஞ்சம் தொய்ந்து, கையில் முடிந்தது. வேலை முடித்து எழுந்திருக்கும்போது அவன் தோள் அப்படித்தான் இருக்கும்.

வாய்க்கு மட்டும் பட்டியலில் எதுவும் இல்லை. அந்த வாய் கேமராவின் முன்னால் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. அதை அவளே செய்தாள். ஒரு புள்ளி, இழுத்தாள். அடுத்த புள்ளி, அதிகம், பாதியாக்கினாள். 0.5 என்று தானாகத் தட்டிய விரலைத் தானே கடிந்துகொண்டு 0.7 ஆக்கினாள். பதினொரு புள்ளிக்கு இருபது நிமிடம் ஆனது. அறுபத்து மூன்றுக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் போடத் தொடங்கி, தாரைகள் ஞாபகம் வந்து, கணக்கை மூடிவைத்தாள்.

கோப்பை அனுப்பிய சிறிது நேரத்தில் அச்சுக் கடைக்காரர் போன் செய்தார். அண்ணனின் சோதனைப் பக்கங்களை வருடக்கணக்காக அச்சடித்தவர்.

"காதுக்குக் கீழ கோடு ரொம்ப மெலிசா இருக்கும்மா. பிரிண்டுல வராம போயிடும். கொஞ்சம் தடிப்பாக்கித் தரீங்களா?"

"வேணாம். அப்படியே போடுங்க."

"சாரும் இதையேதான் சொல்வாரு" என்றார். "நான் ஒவ்வொரு தடவையும் கேப்பேன்."

வண்டி வந்தது. அவனை இறக்கி ஹாலில் வைத்தார்கள். சோபா போன இடம் அவனுக்குச் சரியாக இருந்தது. படத்தைச் சித்தப்பாவே கடையிலிருந்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்திருக்க வேண்டும்; வாசற்படியில் தடுக்கினார். திருகுவது பற்றி எதுவும் சொல்லவில்லை. தலைமாட்டில் நிறுத்திவிட்டு ஓரடி பின்னால் வந்து, மெல்ல நிமிர்ந்து நின்றார்.

வந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. படத்திலிருந்தவன் சிரிக்கத்தான் போகிறான் என்று தோன்றியதால் கொஞ்சம் காத்திருந்து பார்த்தார்கள்.

அச்சுக் கடைக்காரர் சொன்னபடியே காதுக்குக் கீழே கோடு தாளில் விழவில்லை. ஒரு விரற்கடை தூரம் வெறும் வெள்ளை. பார்க்கிற கண் அதைத் தானாகத் தாண்டி, கோடு மறுபடி தொடங்கும் இடத்தில் போய் நின்றது. அவள் தூணோரமாக நின்று, ஒவ்வொருவர் கண்ணும் அதைத் தாண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மணிக்குப் பிறகு கூட்டம் வாசல் பக்கம் ஒதுங்கியது. அண்ணி எழுந்து படத்தின் அருகே வந்தாள். நேராக வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஆள்காட்டி விரலைக் கழுத்தடியில் வைத்து, தோள் கோட்டின்மேல் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாள். கோடு கனத்த இடத்தில் விரல் மெதுவானது. தொய்ந்த இடத்தில் நின்றது. மறு கையால், காலையில் அவசரமாகக் குளித்து இன்னும் காயாத பின்னலை முதுகிலிருந்து எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள்.