பேரு வருது, படம் வரலை

ஸ்கேன் எடுத்துக்கொண்ட நோயாளி மேஜையை விட்டு எழுந்து போய் வெகுநேரமாகிவிட்டது. மாடியில் டாக்டர் அறைக் கம்ப்யூட்டரில் அவருடைய பெயர் வந்தது, வயது வந்தது, படம் மட்டும் வரவில்லை. தில்லைநகரில் இருந்த அந்த ஸ்கேன் சென்டரின் வராந்தாவில் உட்கார இடமில்லாமல் ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

மானேஜர் யதிராஜனுக்குக் காலையிலேயே குற்றவாளி கிடைத்துவிட்டான். நேற்று ஆயுதபூஜைக்கு எல்லா மெஷினையும் அணைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தது ஸ்கேன் எடுக்கும் ரெஜிஸ்தான். அணைக்கச் சொன்னது யதிராஜன். அது மட்டும் அவருக்கு வசதியாக மறந்துபோயிருந்தது. சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் ரெஜிஸ் நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"கிறிஸ்தவன் பொட்டு வச்சான்னு மெஷின் கோவிச்சுக்கிச்சு போல," என்றான் ரெஜிஸ். சிரிப்பு பாதியில் நின்றது. வீட்டில் மனைவிக்கு நிறைமாதம்.

"சும்மா இருங்கண்ணே," என்றாள் நெட்வொர்க் பார்க்கும் ஷாஜியா. லேப்டாப்போடு தரையில் உட்கார்ந்திருந்தாள். "பேரு போற வழியிலதான படமும் போகுது? அப்புறம் ஏன் பேரு மட்டும் போய்ச் சேருது?" அந்தக் கேள்வி அவள் மண்டையைக் குடைந்தது.

சோதனைக்காகக் கொஞ்சம் தகவலைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி மாடிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பினாள். பதில் வந்தது. கொஞ்சம் பெரிதாக்கினாள்; வந்தது. இன்னும் பெரிதாக்கினாள். பதிலே இல்லை. ஸ்கேன் மெஷினும் டாக்டர் கம்ப்யூட்டரும் படங்களை வழக்கத்தைவிடப் பல மடங்கு பெரிய பொட்டலங்களாகக் கட்டி அனுப்பும். ஜம்போ ஃப்ரேம் என்பார்கள். இரண்டு பக்கமும் அந்த செட்டிங் அப்படியே இருந்தது.

"பேரு சின்னது, தப்பிச்சுப் போயிருது. அப்ப படத்த நடுவுல எவனோ முழுங்குறான்."

நடுவில் இருந்தது எல்லா வயர்களும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டி. அதன் மேலும் சந்தனம் காய்ந்திருந்தது. அதன் செட்டிங்கை லேப்டாப்பில் திறந்து பார்த்தால் ஜம்போ ஆஃபில் கிடந்தது.

"அட, இது ஆன்ல இருந்துச்சே! நானே பாத்திருக்கேன்."

யாரும் அதை மாற்றவில்லை. மெஷினைப் பொருத்திய சென்னைக் கம்பெனிக்காரர்கள் செட்டிங்கைப் போட்டார்களே தவிர, சேமிக்கவில்லை. கரண்ட் இருந்தவரை பெட்டி அதை நினைவில் வைத்திருந்தது. நேற்று முதன்முறையாக அணைத்ததும் மறந்துவிட்டது. ஷாஜியா மறுபடி போட்டாள், சேமித்தாள், ஒருதடவை அணைத்துப் போட்டுச் சோதித்தாள். மாடியில் படங்கள் கடகடவென்று வந்து இறங்கின.

"அல்ஹம்துலில்லாஹ்! வந்துருச்சுண்ணே!"

ரெஜிஸ் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மாடியில் தன் அறையில் யதிராஜன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "நல்ல காரியம் பண்ணினேம்மா. ஆனா கம்பெனிக்காரா மேல தப்புன்னு சொல்ல முடியாது. அடுத்த மெஷினும் அவாகிட்டதான் வாங்கப்போறோம். முதலாளி யார் பொறுப்புன்னு கேட்டார். நானும் ரெஜிஸ்னு சொல்லியாச்சு."

"அணைக்கச் சொன்னது நீங்க சார்."

"அணைச்சது அவன்தானே?"

"அநியாயம் சார் இது!"

"உன் கான்ட்ராக்டும் இந்த மாசத்தோட முடியறது, பாத்துக்கோ." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெளியில நிக்கறவாளை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டு அவனைப் போகச் சொல்லு. நாளைலேர்ந்து வர வேண்டாம். பாவம், எங்கேர்ந்தெல்லாமோ வந்திருக்கா."

கீழே வந்து சொல்லும்போது ஷாஜியாவால் ரெஜிஸின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் கதவைத் திறந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டான்.

ஜீயபுரத்திலிருந்து வந்த வள்ளிக்கண்ணு. வாழைத்தோட்டத்தில் வேலை, நெஞ்சில் வலி. மேஜையில் படுத்ததும் அவள் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்கு தம்பி. விட்டுட்டுப் போயிர மாட்டீங்கள்ல?"

"இங்கதாம்மா இருக்கேன்," என்றான் ரெஜிஸ். "மூச்ச இழுத்துப் பிடிங்க."