'இரவல்' கைமாறிய நாள்

மச்சினன் வீடு மாற்றிய அன்று கண்ணாடிக் கடைக்காரர் ஓர் அலமாரியின் கீழ்முனையைப் பிடித்திருந்தார். மேல்முனை மச்சினன் கையில். மாடிப்படித் திருப்பத்தில் இருவரும் மூச்சு வாங்க நின்றபோது கடைக்காரரின் சட்டைப் பையில் போன் அடித்தது. எங்கோ ஒரு நூலகத்தில் கணினி திறக்கவில்லையாம். "ஒரு நிமிஷம் மச்சான்" என்று சொல்லிவிட்டு அவர் ஒரு கையை எடுத்தார். அலமாரி அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுக்கவில்லை.

மச்சினனின் கால் கட்டைவிரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிவிட்டது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்திக்கொண்டிருந்த அக்கா, அதாவது கடைக்காரரின் மனைவி, புருஷனைத் திட்டவே இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவள் அவள். அந்தக் கரையில் கும்மாளம் போடும் பிள்ளைகளை இந்தக் கரையிலிருந்தே அடக்கும் குரல் அவளுக்கு. அப்படிப்பட்டவள் மெதுவாகப் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"அதை விட்டுடுங்க" என்றாள், வீடு திரும்பும் வழியில்.

'அது' எது என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. கல்யாணமான புதிதில் தெருவிலிருந்த சின்ன நூலகத்துக்காக அவர் ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தார். எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, எப்போது திரும்ப வர வேண்டும் என்று சொல்லும். 'இரவல்' என்று பெயர் வைத்தார். கட்டற்ற மென்பொருள் என்பதால் யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஒரு நூலகம் சொல்லி இன்னொரு நூலகம் என்று அது ஊர் ஊராகப் போய்விட்டது. பழுது வந்தால் மட்டும் எல்லோரும் அவரைத் தேடினார்கள். பகலில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்ப்பார். மற்ற நேரத்தையெல்லாம் 'இரவல்' தின்றது.

"யார்கிட்ட விடுறது? ஆள் இல்லையேம்மா."

"தேடினீங்களா?"

"தேடாம இருப்பேனா? ஒருத்தரும் முன்வர மாட்டேங்குறாங்க."

"அடுத்த மாசம் உங்க கூட்டம் இருக்குல்ல? எல்லாரும் அங்கதானே வருவாங்க. அங்கேயே சொல்லிடுங்க. நானும் வர்றேன்."

"உனக்குப் போரடிக்கும்."

"நீங்க சொல்றதைக் கேட்டுட்டு, அப்புறம் போரடிச்சாத் தூங்குறேன்."

கூட்டம் என்றால் அந்த வட்டாரத்தில் கட்டற்ற மென்பொருள்மீது பைத்தியமாக இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கூடுவது. விடுமுறையில் பூட்டிக் கிடந்த ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். நடத்துகிறவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. தலைமை ஒரு பல் டாக்டர் அம்மா. கடைக்காரரும் மனைவியும் போய்ச் சேர்ந்த நேரத்தில் டாக்டர் மேஜைக்கு அடியில் மண்டியிட்டு, யாரும் தடுக்கி விழாதபடி மின்கம்பிகளைத் தரையோடு டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். கரும்பலகையில் வைஃபை கடவுச்சொல். அதன் கீழே, "வேகம் குறைவு, படம் பார்க்காதீர்கள்".

வாசல் மேஜையில் சட்டையில் ஒட்டிக்கொள்ளப் பெயர்ச்சீட்டு எழுதினார்கள். இணையத்தில் எந்தப் பட்டப்பெயரில் இருக்கிறார்களோ அதையே எழுதுவது வழக்கம். கடைக்காரருக்குக் 'கண்ணாடி'.

"உங்களுக்கு என்ன பேருக்கா எழுதட்டும்?" என்றாள் மேஜையில் இருந்த பெண்.

"எனக்கேது பட்டப்பேரு? இவர் வீட்டுக்காரின்னு எழுதும்மா."

அவளும் அப்படியே 'வீட்டுக்காரி' என்று பெரிதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். அரைமணி நேரத்தில் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, "அக்கா, ரெண்டு ரூம் போர்ஷன் ஏதாவது காலியா இருக்குங்களா? நாங்க ரெண்டு பேர்தான். சத்தம் போட மாட்டோம்" என்றார்.

அவளுக்குப் போரடிக்கவில்லை. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், பறவைகளின் குரலைக் கேட்டு இன்ன பறவை என்று சொல்லும் ஒரு பெட்டியைச் செய்து கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் யாரோ தும்மியதற்கு அது மரங்கொத்தி என்றது. இன்னொரு அறையில் கிழடுதட்டிப்போன மடிக்கணினிகளை வரிசையாகப் படுக்கவைத்து உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் திறக்கும்போது அந்த அறையே கை தட்டியது.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் அவளுடைய புருஷன்தான். நாலடிக்கு ஒருவர் அவரை நிறுத்திக் கை கொடுத்தார்கள். ஒரு நூலகர் அம்மா, "நீங்கதான் கண்ணாடியா? உங்களாலதான் சார் எங்க நூலகம் ஓடுது" என்று சொல்லி, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். கடையில் குனிந்தே இருக்கும் மனுஷர் இங்கே நிமிர்ந்து நடந்தார். உரக்கச் சிரித்தார். இவ்வளவு பல் தெரிய அவர் சிரித்து அவள் பார்த்து நாளாகிவிட்டது. இதைப் போய் விடச் சொல்கிறோமே என்று ஒரு நிமிஷம் அவளுக்கு மனசு உறுத்தியது. உடனே தம்பியின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது.

"எப்ப சொல்லப் போறீங்க?"

"சாப்பாட்டுக்கு அப்புறம் ஐந்து நிமிஷப் பேச்சு இருக்கு. பேர் கொடுத்திருக்கேன்."

ஐந்து நிமிஷப் பேச்சு என்றால் யார் வேண்டுமானாலும் மேடையேறி, எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். நேரம் முடிந்ததும் பல் டாக்டர் ஒரு சைக்கிள் மணியை அடிப்பார், இறங்கிவிட வேண்டும். கடைக்காரர் ஏறினார். வணக்கம் சொன்னார். 'இரவல்' எப்படிப் பிறந்தது என்று ஆரம்பித்தார். புத்தக அட்டையில் உள்ள பார்கோடைப் படிக்கும் புது வசதியைக் காட்டினார். அதில் வந்த ஒரு சிக்கலைச் சொன்னார், அது தீர்ந்த விதத்தைச் சொன்னார், அரங்கமே சிரித்தது. மணி அடித்தது. "நன்றி" என்று இறங்கிவிட்டார்.

மூன்றாவது வரிசையில் அவள் எழுந்து நின்றாள். மைக்கைக் கேட்கவில்லை. அவளுக்கு அது தேவையும் இல்லை.

"மன்னிக்கணும். இவர் சொல்ல வந்ததை விட்டுட்டு வேற ஏதோ பேசிட்டு இறங்கிட்டாரு. நான் சொல்லிடுறேன். இவரால இனிமே தனியா இதைப் பார்த்துக்க முடியலைங்க. சாப்பிடும்போது போன். தூங்கும்போது போன். எடுத்துச் செய்ய ஆளே வர மாட்டேங்குறாங்கன்னு வருஷக்கணக்கா சொல்லிட்டு இருக்காரு. இங்க இத்தனை பேர் இருக்கீங்க. காலையிலேருந்து கை கொடுக்குறீங்க, படம் எடுக்குறீங்க. கூட நிக்க ஒருத்தர்கூடவா இல்லை?"

கடைக்காரர் மேடைப் படியிலேயே நின்றார்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பேருந்துப் பணிமனையில் வண்டிகளுக்கு நேர அட்டவணை போடுகிறவள். சட்டையில் 'நத்தை' என்று எழுதியிருந்தது.

"நான் கேட்டேங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. "ஒரு தடவை இல்லை, பல தடவை கேட்டேன். பார்க்கலாம்னு சொன்னாரு. நான் அனுப்பின திருத்தத்தை எல்லாம் எடுத்துக்கிட்டு, அவரே மறுபடி முதல்லேருந்து எழுதிப் போட்டாரு. அவர் எழுதினது நல்லாவே இருந்துச்சு, அதைக் குறை சொல்லலை. ஆனா அப்புறம் எனக்கு அனுப்பவே தோணலை."

"எனக்கும் அதேதான்" என்றார் ஜன்னலோரம் இருந்த பள்ளி நூலகர் ஒருவர், கையை அரைகுறையாக உயர்த்தி.

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் அவசரமாக மணியை அடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார். அடுத்தவர் தபால்காரர். பாவம், அவர் பறவைகளை யாரும் சரியாகக் கேட்கவில்லை.

வெளியே நடைக்கூடத்தில் தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தாள்.

"ஆள் இல்லைன்னு சொன்னீங்களே."

அவர் தண்ணீர் பிடித்தார். குடிக்கவில்லை.

"அத்தனை பேரையும் நிக்க வெச்சுக் கேள்வி கேட்டுட்டேன். என்னை அசடாக்கிட்டீங்க."

"பொய் சொல்லணும்னு சொல்லலை. நான் செய்யற மாதிரி செய்ய ஆள் இல்லைன்னு..."

"நீங்க செய்யற மாதிரி செய்ய எதுக்கு ஆள்? அதான் நீங்க இருக்கீங்களே."

உள்ளே கைதட்டல் கேட்டது. அவர் டம்ளரிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

"கடைக்கு வர்றவங்க கண்ணாடியைப் போட்டுப் பார்த்துட்டுப் போயிடுறாங்க. உடைஞ்சாத்தான் திரும்ப வருவாங்க. இது ஒண்ணு இருக்கறதாலதான் யாராவது என்னைத் தேடுறாங்க. இதையும் கொடுத்துட்டா என்னை யார் கூப்பிடப் போறா?"

இவ்வளவு காலம் கூடவே இருந்தும் இதை அவள் கேட்டதில்லை. கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனால் அது நின்ற இடம் மாறிவிட்டது.

"நான் கூப்பிட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றாள். "உங்க லைன்தான் கிடைக்க மாட்டேங்குது."

அவர் தண்ணீரைக் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பழைய கணினிகள் இருந்த அறைக்குப் போனார். அவளும் கூடப் போகலாமா என்று யோசித்து, வாசலிலேயே நின்றுகொண்டாள்.

நத்தை அங்கே ஒரு விசைப்பலகையைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் எதிரே நின்றார்.

"நான் செஞ்சது சரியில்லைம்மா."

"விடுங்க சார்."

"விட வரலை. கொடுக்கத்தான் வந்தேன். 'இரவலை' நீ பார்த்துக்கறியா?"

அவள் உடனே தலையாட்டிவிடவில்லை. ஒரு விசையை எடுத்து ஊதினாள்.

"நான் தனியாப் பார்க்க மாட்டேன். அப்புறம் நானும் உங்களை மாதிரி ஆயிடுவேன். இன்னொருத்தரும் வேணும்."

"சரி."

"நான் எழுதினது தப்பா இருந்தா தப்புன்னு சொல்லுங்க. நீங்க மாத்தி எழுதாதீங்க. நானே திருத்துவேன்."

இதற்குச் சரி சொல்ல அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சொன்னார்.

பள்ளி நூலகரை யாரோ போய்க் கூட்டிவந்தார்கள். பல் டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கடைக்காரர் மடிக்கணினியைத் திறந்து, 'இரவல்' இருக்கும் தளத்துக்குள் போய், பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் பெயருக்குக் கீழே இரண்டு பெயர்களைத் தட்டினார். அவ்வளவுதான் வேலை. இனி ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். இது ஏதோ பெரிய காரியம், நாள் கணக்கில் ஆகும் என்று அவர் நினைத்திருந்தார். விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

"பல்லு புடுங்க வந்த மாதிரி முகத்தை வெச்சிருக்கீங்க" என்றார் டாக்டர். "வலிக்காது. அமுக்குங்க."

அமுக்கினார். கணினி உயிர்த்தெழும்போது தட்டுகிற மாதிரியே அந்த அறை கை தட்டியது. அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வாசல் பக்கம் பார்த்தார். அவளும் தட்டிக்கொண்டிருந்தாள். தளத்தில் போட்டிருந்த அவருடைய போன் நம்பரை நூலகர் எடுத்துவிட்டு, மூன்று பேருக்கும் பொதுவான ஒரு முகவரியைப் போட்டார்.

அதன் பிறகு எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல முடியாது. முதல் வாரம் போன் அடிக்காதபோது, பழுதாகிவிட்டதோ என்று மச்சினனைக் கூப்பிட்டுச் சோதித்துப் பார்த்தார். கடையைச் சாத்திய பிறகு கையை என்ன செய்வதென்று தெரியாமல், வீட்டிலிருந்த கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். புதிய பதிப்பில் நத்தை பொத்தான்களைப் பச்சை நிறமாக்கியிருந்தாள். பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதி, அனுப்புவதற்கு முன் மனைவியிடம் காட்டினார்.

"இதுல நீங்க சொல்ல வர்றது என்ன?"

"பச்சை நல்லா இல்லை."

"அதை மட்டும் அனுப்புங்க."

அனுப்பினார். நத்தையிடமிருந்து பதில் வந்தது: "நாலு நூலகத்தில் கேட்டுவிட்டேன் சார். வயதானவர்களுக்கு இதுதான் நன்றாகத் தெரிகிறதாம்." கண்ணாடி விற்கிறவருக்கு அதற்குமேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

ஒரு நாள், திரும்பி வராத புத்தகங்களை வரிசைப்படுத்தும் இடத்தில் ஒரு பிசகு இருப்பதைக் கடைக்காரரே கண்டுபிடித்தார். சரிசெய்தார். முன்பானால் அந்த நிமிஷமே சேர்த்துவிட்டிருப்பார். இப்போது மூவரும் வைத்துக்கொண்ட ஒழுங்கு, ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்த பிறகுதான் சேர்க்க வேண்டும் என்பது. அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். அன்று பதில் இல்லை. மறுநாளும் இல்லை.

"இன்னும் பார்க்கலை போல" என்றார், ஈரத் துண்டுகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம்.

"அவங்களுக்கும் வேலை இருக்கும்ல."

அடுத்த நாள் கடையில் ஒருவருக்குக் கண்ணாடிச் சட்டத்தைக் காதுக்கு வளைத்துக்கொண்டிருந்தபோது நத்தையிடமிருந்து பதில் வந்தது. "திருத்தம் சரி. இந்த வரி மட்டும் எனக்குப் புரியவில்லை, கொஞ்சம் எளிதாக எழுத முடியுமா?" என்று கேட்டிருந்தாள். அவர் போனை மேஜைமேல் வைத்தார். வந்தவரின் முகத்தில் கண்ணாடியை மாட்டி, இரண்டு காதுப் பக்கமும் பார்த்து, மறுபடி கழற்றி, இன்னும் கொஞ்சம் வளைத்தார். வந்தவர் கிளம்பிய பிறகு உட்கார்ந்து அந்த வரியைப் படித்தார். உண்மையில் அது கொஞ்சம் முறுக்கிக்கொண்டுதான் இருந்தது. அதை இரண்டு வரியாகப் பிரித்து எழுதித் திருப்பி அனுப்பினார்.