மேசைக்கணினியின் மறைவு: ஓர் ஆய்வு

மனிதகுலம் இனி நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யப்போவதில்லை. அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஒரு மேசை, அதன்மேல் ஒரு திரை, திரைக்கு முன்னால் ஓர் ஆள் என்ற ஏற்பாட்டை வரலாறு எப்போதோ கைகழுவிவிட்டது. சில வீடுகளுக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

மனிதகுலத்தின் சார்பில் இந்த முடிவை எடுத்தவன் என் அண்ணன். எடுத்தபோது கட்டிலில் குப்புறப் படுத்திருந்தான்.

செய்தி போய்ச் சேராத வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. கூடத்தில் சன்னலோரம் அக்காவின் கம்ப்யூட்டர் இருந்தது. அக்கா வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவள். மூன்று பொறியாளர்கள் அவளுக்கு வேலை அனுப்புகிறார்கள். காலையில் பொத்தானை அழுத்திவிட்டுக் குளிக்கப் போவாள். குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வரும்போது அது ஒருவழியாகத் தயாராகியிருக்கும். அண்ணன் அதற்குப் 'பெரியப்பா' என்று பெயர் வைத்திருந்தான். எழுப்பினால் உடனே எழுந்திருக்க மாட்டார், எழுந்ததும் பெருமூச்சு விடுவார், ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் அசைய மாட்டார் என்று காரணமும் சொன்னான். எங்கள் நிஜப் பெரியப்பாவுக்கும் இந்த மூன்றும் அப்படியே பொருந்தியதால், அம்மா அவனைக் கண்டிக்க வாயெடுத்துப் பாதியில் விட்டுவிட்டாள்.

அக்கா நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டாலே அவன் உள்ளேயிருந்து, தவம் ஆரம்பமாகிவிட்டதா என்று விசாரிப்பான். கையளவு போனில் உலகமே நடக்கும்போது இப்படி முதுகை வளைத்துக் கும்பிட்டுக் கிடக்கிறாளே என்று அவளுக்காக வருத்தப்படுவான். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள். அவளுக்குச் சுவர் போடுகிற வேலை இருந்தது.

அண்ணனுக்கு அது கடைசி வருடம். ஆய்வறிக்கைக்கு அவன் எடுத்துக்கொண்ட தலைப்பு, 'மேசைக்கணினியின் மறைவு'. இருநூற்று நாற்பது பேரிடம் ஆளுக்கு எட்டுக் கேள்வி கேட்டான். வயது, தொழில், போனில் எத்தனை மணி நேரம், அதில் விளையாட்டுக்கு எவ்வளவு, இப்படி. தொழில், குடும்ப நிலைக்குக்கூடக் குறியெண் போட்டிருந்ததால் எல்லாப் பதிலும் எண்கள். படிவம் காகிதத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தும் வேண்டும் என்று வழிகாட்டிப் பேராசிரியை சொன்னதை மட்டும் வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொண்டான். மற்றபடி முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை போனிலேயே செய்யப்போவதாக வகுப்பில் நாற்பது பேர் முன்னால் அறிவித்தான்.

குறை சொல்லக் கூடாது, செய்தும் முடித்தான். மூன்று வாரம், பேருந்தில் நின்றுகொண்டும் கட்டிலில் கிடந்துகொண்டும், கட்டைவிரலுக்குத் தைலம் தடவித் தடவி இருநூற்று நாற்பது படிவங்களையும் ஏற்றினான். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அறிக்கையைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இன்னொரு வருடம். அவனை வேலைக்கு எடுத்திருந்த நிறுவனமோ ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்லியிருந்தது. அவர்கள் இன்னொரு வருடம் காத்திருக்க மாட்டார்கள். அம்மா நாட்காட்டியில் இரண்டு தேதிகளையும் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

புதன்கிழமை காலை பேராசிரியை அறிக்கையை வாசித்தபோது நானும் கூட இருந்தேன். அதே கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு வகுப்பு இல்லை என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன். இருந்தது.

ஆறாவது அட்டவணையில் அவர் நின்றார். அறுபது வயதைத் தாண்டியவர்களில் பாதிப்பேர் தினமும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் போனில் விளையாடுகிறார்களா என்று கேட்டார். அதுதான் புரட்சி என்றான் அண்ணன். அவர் படிவக் கட்டிலிருந்து நடுவில் ஒன்றை உருவினார். பதினேழாம் எண். அது என்னுடையது.

"இதுல வயசு பத்தொன்பது, மாணவன்னு இருக்கு. உங்க பட்டியல்ல பதினேழாவது ஆளுக்கு அறுபத்தெட்டு வயசு. கைக்குழந்தைக்குத் தாய். லாரி ஓட்டறாங்க."

அண்ணன் என்னைப் பார்த்தான். அந்த மூன்றையும் நான் அங்கேயே மறுத்தேன்.

"உங்க முடிவு தப்புன்னு சொல்லலை," என்றார் பேராசிரியை. "இது யாரோட முடிவுன்னுதான் தெரியலை."

நடந்தது இதுதான். போன் திரையில் ஒரு சமயத்தில் மூன்று நெடுவரிசைதான் தெரியும். வயது அட்டவணைக்காக வயதை மட்டும் தேர்ந்தெடுத்துச் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினான். பக்கத்தில் இருப்பவையும் கூடவே நகரட்டுமா என்று போன் கேட்டது. திரையை மறைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி எதையும் அண்ணன் வாசிப்பதில்லை. கட்டைவிரலுக்குப் பக்கத்தில் எந்தப் பொத்தான் இருக்கிறதோ அதை அழுத்துவான். அடுத்து தொழில், அடுத்து நேரம். எட்டு முறை. ஒருவர் வயது இன்னொருவர் தொழிலோடும் மூன்றாமவர் விளையாட்டோடும் சேர்ந்து குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. பழைய பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். போனில் இடம் போதவில்லை என்று அழித்திருந்தான்.

ஆக, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது எண்களை மறுபடி ஏற்ற வேண்டும். திரும்பி வரும் பேருந்திலேயே ஆரம்பித்தான். ஒவ்வோர் எண்ணுக்கும் போனின் எழுத்துப்பலகை மேலே வந்து பாதித் திரையை மூடும். சரியான கட்டத்தில்தான் விழுந்ததா என்று அதை இறக்கிப் பார்க்க வேண்டும். மறுபடி ஏற்ற வேண்டும். வியாழக்கிழமை காலை, தட்டில் இருந்ததைக்கூடப் பார்க்காமல் இடது கையால் தட்டிக்கொண்டே சாப்பிட்டபோது, முப்பத்தொரு படிவம் முடிந்திருந்தது. முன்பைவிட மூன்று மடங்கு வேகம். இதே வேகத்தில் போனால் அடுத்த வியாழக்கிழமை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன்.

அவன் என்னை முறைத்தான்.

"பெரியப்பாகிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமேண்ணா."

"நாப்பது பேருகிட்ட சொல்லிருக்கேன்டா. எல்லாம் போன்லயே செய்வேன்னு."

"அந்த நாப்பது பேரும் பாஸாயிடுவாங்க."

அக்கா கண்ணாடி முன் நின்று தலைசீவிக்கொண்டிருந்தாள். எதுவும் காதில் விழாதது மாதிரி அளவு நாடாவைப் பைக்குள் போட்டாள், செருப்பை மாட்டினாள், வாசலில் நின்றாள்.

"சைட்டுக்குப் போறேன். ரெண்டு மணிக்குத்தான் வருவேன். கம்ப்யூட்டர அணைக்கல, ஓடட்டும்."

"எதுக்கு? கரண்ட்டுக்குக் கேடு," என்றான் அண்ணன், போனிலிருந்து தலையை எடுக்காமல்.

"செத்துப்போச்சுன்னு நீதானே எழுதிருக்க? செத்தது எவ்வளவு கரண்ட்டு குடிச்சிடும்." போய்விட்டாள்.

அண்ணன் இன்னும் இரண்டு படிவம் ஏற்றினான். பிறகு, அச்சடிக்கக் காகிதம் வாங்கி வா என்று என்னை அனுப்பினான். பக்கத்துத் தெருக் கடையில் கிடைக்கும் என்றதற்கு, வேண்டாம், பெரிய கடையிலேயே வாங்கு, அவசரமில்லை என்றான். வெள்ளிக்கிழமை நான்கு மணி அவனை எதிர்பார்த்துக் காத்திருக்கையில் அவசரமில்லை என்று அவன் சொன்னது எனக்குப் போதுமானதாக இருந்தது. பக்கத்துத் தெருவிலேயே வாங்கினேன். கால் மணியில் திரும்பிவிட்டேன்.

நாற்காலியில் இருந்தான். இடது பக்கம் படிவக் கட்டு, வலது கை கீபோர்டின் ஓரத்து எண் பொத்தான்கள் மேல். எட்டு நெடுவரிசையும் ஒரே திரையில் நிறைந்திருந்தன. துள்ளி எழுவான் என்று எதிர்பார்த்தேன். "கதவைச் சாத்து, காத்துல பறக்குது," என்றான்.

பேப்பர் கட்டைக் கீழே வைத்துவிட்டு, படிவங்களை வாங்கி வாசிக்க ஆரம்பித்தேன். நான் எண்ணைச் சொல்ல, அவன் தட்டினான். படிவத்துக்கு முக்கால் நிமிடம் ஆனது. முதுகு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்தது. முகம் திரைக்கு அருகில் போனது.

நூற்றைம்பதைத் தாண்டியிருப்போம். அவன் போன் அடித்தது. அக்கா. எடுத்து ஒலிபெருக்கியில் போட்டான். பின்னால் செங்கல் இறக்கும் சத்தம் கேட்டது.

"சமையலறை சன்னல் அகலம் கேக்கறாரு மேஸ்திரி. போன்ல படம் இருக்கு, வெயில்ல ஒண்ணும் தெரியல, பெருசாக்கினா எங்கயோ ஓடுது. கம்ப்யூட்டர்ல தொறந்துதான் இருக்கு. பக்கத்துல இருக்கியா?"

"இல்ல. உள்ள படுத்திருக்கேன். இரு, போய்ப் பாக்கறேன்."

படத்தை மேலே கொண்டுவர அவனுக்கு இரண்டு விநாடி ஆனது. சன்னல் அவன் மூக்குக்கு நேராக இருந்தது. ஆனால் படுக்கையறையிலிருந்து கூடத்துக்குப் பன்னிரண்டு அடி எடுத்துவைக்க வேண்டும். எனக்குக் கையைக் காட்டி, வாயை மூடச் சொல்லிவிட்டு, அந்தப் பன்னிரண்டு அடியும் நடந்து முடியும்வரை உட்கார்ந்தபடியே காத்திருந்தான். ஆறாவது அடியில் அவனுக்குப் பொறுக்கவில்லை. கையில் இருந்த படிவத்தின் மிச்ச எண்களைத் தட்டிவிட்டான்.

"என்னடா சத்தம்?"

"பக்கத்து வீட்ல என்னமோ இடிக்கறாங்க. நூத்தி இருபது. சன்னல் நூத்தி இருபது சென்டிமீட்டர்."

மறுமுனையில் அவள் மேஸ்திரியிடம் அளவைக் கத்திச் சொல்வது கேட்டது.

"சரி," என்றாள் அக்கா. "ரெண்டுன்னு சொன்னேன்ல. மூணரை ஆயிடும் போல."

வைத்துவிட்டாள். அண்ணன் படத்தைக் கீழே இறக்கினான். நாற்காலியை மேசையை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்ததைப் படி என்றான்.