ஒன்பது பானை

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை.

திரையில் பன்னிரண்டு ஊருக்கும் கம்பம் கம்பமாகப் படம் போட்டிருந்தார்கள். பிறந்து ஒரு மாதத்துக்குள் செத்துப்போன பிள்ளைகளின் கணக்கு. மற்ற ஊர்களுக்கெல்லாம் கம்பம் நின்றது. எங்கள் ஷிகுவாலிக்குக் கம்பமே இல்லை, அடியில் வெறும் கோடு. மூன்று வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி அந்தக் கணக்கை எடுத்துக் கொடுத்தவள் வேறு யாருமில்லை, இந்தப் பசானிதான். ஆராய்ச்சிக்காரர்களிடம் கணக்கெடுக்கிற வேலையில் எனக்கு இது பதினோராவது வருடம்.

புள்ளியியல் டாக்டர் மபுண்டா நிதானமாகச் சொன்னார். "பழைய தங்கச் சுரங்கத்து விஷம் உங்க போர்த் தண்ணில கலக்குதோன்னு ஒரு சந்தேகம். பச்சப்புள்ளைங்க சாகறது அதனாலயான்னுதான் பாத்தோம். ஷிகுவாலி சுரங்கத்தை ஒட்டியே இருக்கு, ஆனா அங்க ஒரு சாவு கூட இல்ல. அதனால நகராட்சி மொதல்ல மத்த ஊருங்களுக்குத்தான் நல்ல தண்ணிக் குழாய் போடப்போகுது."

"நம்ம ஊர் ரத்தம் அப்படி!" என்று முன்வரிசையில் ஒருத்தன் நெஞ்சை நிமிர்த்தினான். சனியன், அவன் வீட்டுப் பானையையும் நான்தான் சுமந்தேன்.

எங்கள் வழக்கத்தில் தொப்புள்கொடி விழுந்து, பிள்ளையை வெளியே கொண்டுவந்து காட்டுகிற வரைக்கும் அது ஊருக்குப் பிள்ளை இல்லை. அதற்கு முன்னால் போய்விட்டால், பிள்ளைப்பேறு நின்றுபோன பெண்கள் நாங்கள் மட்டும் போவோம். ஆண்கள் கண்ணில் படக்கூடாது. மண்பானையில் வைத்து ஓடைக்கரை ஈரத்தில் புதைத்துவிட்டு வருவோம். பெற்றவள் அழக்கூடாது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவும் கூடாது, திறந்தால் மழை பெய்யாது. அதனால், "இந்த வருஷம் இந்த வீட்ல பொறப்பு உண்டா?" என்று கேட்டால் "இல்ல" என்றுதான் பதில் வரும். முந்தின வாரம் நான் புதைத்த பிள்ளையை, அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து, பிறக்கவில்லை என்று நானே பதிந்தேன். மூன்று வருடத்தில் ஒன்பது பானை. அதில் இரண்டு என் தம்பி வீட்டுப் பிள்ளைகள்.

தம்பி ஹசானியின் பெண்டாட்டி நியெலெட்டி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

"அப்ப நமக்குக் குழாய் வராதா மதினி?"

"பாப்போம்."

"அந்தப் போர்த் தண்ணியக் குடிச்சா நாக்குல துருப்பிடிச்ச ஆணிய வச்ச மாதிரி இருக்கு. எனக்கு பயமா இருக்கு மதினி. இதுவாச்சும் நிக்கணும்."

கூட்டம் கலைந்ததும் டாக்டரிடம் போனேன். படம் காட்டிய கருவியின் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். நான் எடுத்த கணக்குத் தப்பா இருந்தா?"

சிரித்தார். "உங்க கணக்குல நான் பிசகே பாத்ததில்லம்மா."

"இருந்தான்னு வைங்க."

"ஒண்ணு ரெண்டு விட்டுப்போனா பெருசா ஒண்ணும் ஆகாது. சின்ன ஊர் பாருங்க, ஏழெட்டு விட்டுப்போயிருந்தா படமே தலைகீழா மாறிடும். நாளைக்கே நகராட்சில போய் உக்காந்து, குழாய் வர்ற வரைக்கும் லாரித் தண்ணியாவது வாங்கிக் குடுத்துடுவேன்." சுருட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, ஏதாச்சும் விட்டுப்போச்சா?"

ஒன்பது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரைக்கும் வந்தது. வெளியே சோளம் கருகி நின்றது. நான் வாயைத் திறந்து இந்த வருடமும் மழை பொய்த்தால் ஊர் என்னை உயிரோடு தின்றுவிடுமே என்று பயம்.

"ஒண்ணும் விட்டுப்போகலய்யா" என்றேன்.

அடிப் பாவி, அடிப் பாவி என்று இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து நியெலெட்டிக்குப் பெண் பிறந்தது. காது இரண்டும் அப்படியே என் தம்பிக்கு இருக்கிற மாதிரி. மூன்று நாள் நன்றாகத்தான் குடித்தது. நான்காம் நாள் காலையில் மார்பைப் பிடிக்கவில்லை, உச்சிவேளைக்குள் உடம்பு சில்லிட்டுவிட்டது. ஓடைக்கரைக்குப் பானையைத் தூக்கிக்கொண்டு போனவள் நான்தான். திரும்பி வந்து பார்த்தால் நியெலெட்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பால் வடிந்து சட்டை முழுக்க நனைந்திருந்தது. அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை, கணக்கெடுக்கிற டேப்லெட் கணினியைக் கொண்டுவந்து அவள் முன்னால் உட்கார்ந்தேன். ஹசானிக்குப் புரிந்துவிட்டது.

"ஒனக்கென்ன பைத்தியமாக்கா? சொன்னா மழை நின்னுடும்!"

"நின்னுடுமா? மூணு வருஷமா வாயப் பொத்திக்கிட்டுத்தானடா கெடந்தோம். எங்கடா பெஞ்சுது?"

அவன் வாசலில் போய் நின்றுகொண்டான்.

"எழுதுனா குழாய் வருமா மதினி?" என்று கேட்டாள் நியெலெட்டி.

"இந்த வீட்டுக் கணக்கு மட்டும் போதாது. மத்த ஏழு வீட்டுப் படியும் ஏறணும். வெளக்குமாத்தத் தூக்குனாலும் தூக்குவாங்க, போகத்தான் போறேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "அன்னைக்கே டாக்டர் கேட்டாரு நியெலெட்டி. ஏதாச்சும் விட்டுப்போச்சான்னு கேட்டாரு. சொல்லியிருந்தா நீ நல்ல தண்ணி குடிச்சிருப்ப. நான் இல்லன்னுட்டு வந்துட்டேன்."

அவள் டேப்லெட்டை என் பக்கமாகத் தள்ளினாள். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

"கேளுங்க மதினி" என்றாள். "மத்தவங்ககிட்ட எப்படிக் கேப்பீங்களோ அப்படியே கேளுங்க."

"நீ பெத்த பிள்ளைங்க மொத்தம் எத்தனை?"

"மூணு."

வாசலுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். மூன்று என்று தட்டினேன். உடனே அடுத்த கேள்வி வந்து நின்றது. ஆயிரம் வீட்டில் வாய் கூசாமல் கேட்ட கேள்விதான். தூசி இல்லாத திரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? அடுத்தது என்னா?"

"அதுல..." என்றேன். "அதுல இப்ப உசுரோட இருக்கறது எத்தனை?"

நியெலெட்டி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அத நீங்களே போட்டுக்குங்க மதினி. ஒங்களுக்குத்தான் தெரியுமே."

நான் சைபரைத் தட்டினேன்.